பாதிப் பாடமும் பக்கத்து வீட்டு உறைமோரும்

பிறக்கப்போகும் குழந்தையின் குடலில் எந்தக் கிருமி முதலில் குடியேறும் என்று பேசிச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது.

புத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பதினெட்டு வருஷம் லேபர் ரூமில் நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோன பிறகு, "நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே சிஸ்டர்" என்று சொல்லி என்னைக் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலைக்கு மாற்றினார்கள். நீங்களும் வாயை வைத்துப் பிழைக்கிறவராக இருந்தால், வாத்தியாரோ, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டோ, ஜவுளிக்கடை சேல்ஸ்மேனோ, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். நாம் சொல்வதை யாருமே கேட்பதில்லை என்று புலம்புவோம். அதைவிட மோசமான ஒன்று உண்டு. சில பேர் கேட்டுவிடுகிறார்கள்.

இரண்டு கிண்ணம் பால்

சனிக்கிழமைதோறும் மூன்றாவது மாடி ஹாலில் என் வகுப்பு. வீட்டிலிருந்து இரண்டு கிண்ணம் எடுத்துக்கொண்டு போவேன். ஒன்றில் நல்ல உறைமோர் விட்டுத் தோய்த்த தயிர், கத்தியால் வெட்டலாம் போலக் கெட்டியாக இருக்கும். இன்னொன்று மூடாமல் வைத்த பால், எது எதுவோ விழுந்து திரிந்து நூல் விட்டிருக்கும். இரண்டையும் தூக்கிக் காட்டி ஆரம்பிப்பேன். "பொறக்குற குழந்தையோட குடல் காய்ச்சி ஆற வெச்ச பால் மாதிரி. முதல்ல விழற உறை எதுவோ அதுதான் பரவும். நார்மலாப் பொறக்குற பிள்ளை, வர்ற வழியிலயே அம்மாவோட நல்ல கிருமியை வாங்கிட்டு வருது. ஆபரேஷன்ல பொறக்குற பிள்ளைக்கு அந்த வழி இல்லை. தோல்ல இருக்கிறது, தியேட்டர்ல இருக்கிறது எதுவோ, அதுதான் முதல்ல ஏறிக்குது." ஹாலே கப்சிப் என்று ஆகிவிடும். அந்த நிமிஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது பாதிப் பாடம். வித்தியாசம் மாதங்கள் போகப்போகப் பெரும்பாலும் குறைந்துவிடும், தாய்ப்பாலும் அம்மாவின் அணைப்பும் வீட்டு மனிதர்களும் சேர்ந்து அந்தக் குடலை நிரப்பிவிடுவார்கள், ஆபரேஷன் தேவைப்பட்டால் அது உயிர் காக்கிற காரியம் என்பதெல்லாம் மீதிப் பாதி. அதைச் சுண்டல் கொடுத்த பிறகு சொல்வது என் வழக்கம். அன்றைக்குச் சுண்டல் சூடாக வந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

முன் வரிசையில் வைதேகி. ஸ்ரீரங்கத்துப் பெண், ஸ்கூலில் கணக்கு டீச்சர், தலைச்சன் பிரசவம், எட்டாம் மாதம். நான் பேசியதை ஒரு நோட்டில் தலைப்புப் போட்டு, கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் முசிறியிலிருந்து பஸ் ஏறி வந்த செல்வராணி. வாழைத்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மூத்த பையன் ஆபரேஷனில் பிறந்தவன், இது இரண்டாவது. வைதேகியும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, சுண்டலை மென்றுகொண்டே என்னிடம் வந்து சொன்னாள்: "எங்க வீட்டுல உறைமோர் இல்லாத அன்னிக்குப் பக்கத்து வீட்டுலதான் வாங்கி ஊத்துவோம். அந்தத் தயிரும் தயிராத்தான் இருக்கு, சிஸ்டர்."

கோடு போட்ட நோட்டு

அடுத்த சனிக்கிழமை வைதேகிக்குச் சீமந்தம். வரவில்லை. மீதிப் பாடம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. செக்கப்புக்கு வரும்போதெல்லாம் நோட்டோடு என் மேஜைக்கு வருவாள். அவள் மைத்துனர் பையன் ஆபரேஷனில் பிறந்தவன், எந்நேரமும் வீசிங். வீட்டில் எல்லாரும் வீசிங்குக்கு ஆபரேஷன்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "அப்படியெல்லாம் ஒரே காரணம் சொல்லிட முடியாதும்மா" என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அழுத்திச் சொல்லவில்லை. இவ்வளவு கவனமாக என்னைக் கேட்கிற ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். போதாக்குறைக்கு, "உங்களுக்கு நார்மல்தான் ஆகும், தைரியமா இருங்க" என்று வேறு வாக்குக் கொடுத்தேன். பதினெட்டு வருஷம் லேபர் ரூமில் நின்றவள் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அது.

எங்கள் டாக்டரம்மா அதிகம் பேசமாட்டார். வைதேகி அவரிடமும் நோட்டைத் திறந்து, எந்தச் சூழ்நிலையிலும் ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டியிருக்கிறாள். அன்று மதியம் டாக்டரம்மா என் மேஜைப் பக்கம் வந்தார். நின்றபடியே கேட்டார்: "நீங்க பாடம் எடுக்குறீங்களா சிஸ்டர், இல்ல அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை வெச்சிருக்கீங்களா?"

கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஆயா பாக்கியம் மாடிப்படி ஏறி ஓடி வந்தாள். "சிஸ்டர், லேபர் ரூமுக்கு வாங்க. அந்த டீச்சரம்மா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேங்குது." முழங்காலை மறந்து இறங்கினேன். வெளியே வைதேகியின் கணவர் தன் பங்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவை மூடத் தெரியாமல் நின்றார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போவதற்கு முன்பே மெஷின் சத்தம் கேட்டது. குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு டக் டக்கென்று ஓடவேண்டும். ஒவ்வொரு வலிக்கும் அது தளர்ந்து தளர்ந்து, திரும்பி எழுந்திருக்க முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. பனிக்குட நீர் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயே குழந்தை மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். டாக்டரம்மா என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார், "சீக்கிரம்." வைதேகி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் அரை மணி நேரம் குடுங்கோ. நானே பெத்துடறேன்" என்றாள். என்னைப் பார்த்ததும், "நீங்கதானே சொன்னேள் சிஸ்டர்? முதல் உறைதான் எல்லாம்னு நீங்கதானே சொன்னேள்?" என்று அழுதாள். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அதற்குப் பாதிக் காரணம் நான். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மெஷின் இன்னொரு தடவை தளர்ந்தது. அப்போதுதான் அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்து சொன்னேன். "வைதேகி, நான் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லாம விட்டது என் தப்பு. அந்த முசிறிப் பொண்ணு சொன்னதை நீங்களும் கேட்டீங்கல்ல? உறைமோர் இல்லைன்னா பக்கத்து வீட்டுல வாங்கி ஊத்திக்கலாம். நாளைக்கு ஊத்தலாம், அடுத்த மாசம் ஊத்தலாம். பால் பாத்திரமே கவுந்துபோச்சுன்னா எதுல ஊத்துவீங்க?"

வைதேகி பேனாவுக்குக் கை நீட்டினாள். கோணல் மாணலாக ஒரு கையெழுத்து. பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்களும் உள்ள வரணும். வெளியில நின்னுண்டு பாடம் எடுக்கப்படாது."

முதலில் தூக்கிய கை

ஆபரேஷன் தியேட்டருக்குள் நான் கடைசியாக நுழைந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். முதுகில் ஊசி போட்டிருந்ததால் வைதேகிக்கு நினைவு இருந்தது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தில் எதுவும் காட்டாமல் இருக்கப் படாத பாடுபட்டேன். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. தூக்கியபோது குழந்தை துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை.

குழந்தை டாக்டர் மேஜைக்குக் கொண்டுபோய்த் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், வாயிலிருந்து உறிஞ்சி எடுத்தார், முகமூடி வைத்து மூச்சு கொடுத்தார். "ஏன் சிஸ்டர் அழலை?" என்றாள் வைதேகி. நல்லாப் பேசுவேன் என்று பெயர் வாங்கியவள் நான். அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், அதன் பின்னாலேயே தியேட்டரே அதிர ஒரு வீறல். பெண் குழந்தை. டாக்டரம்மா தைக்கிற இடத்திலிருந்து தலையைத் தூக்காமலே "அப்பா" என்று மூச்சு விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவிடம் முகத்தைக் காட்டிவிட்டு, இரண்டு நாள் கண்காணிப்புக்காகக் குழந்தையை நர்சரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாக்கியம் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் என் வகுப்பு மனப்பாடம், ஹாலைப் பெருக்குகிறவள் அவள்தான். கதவைத் தாண்டும்போது ரகசியமாகக் கேட்டாள்: "கிருமி கிருமின்னு சொல்வீங்களே சிஸ்டர், இப்ப எங்கிட்ட இருக்கிறதும் கொஞ்சம் ஏறியிருக்கும்ல?"

மருந்துக்கடைப் பொட்டலம்

அன்று சாயந்திரம் வைதேகியின் கணவர் நர்சரி வாசலில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். சாதுவான மனுஷர். ஆபீஸ் பையைத் தவிரக் கையில் ஒரு மருந்துக்கடைப் பொட்டலம். வாங்கிப் பார்த்தால் காயத்துக்குக் கட்டுகிற பஞ்சுத்துணி. விசாரித்ததில் விஷயம் வந்தது. வைதேகி போனில் எதையோ படித்திருக்கிறாள். அம்மாவின் பிறப்புப் பாதையில் துணியை வைத்து எடுத்து அதைக் குழந்தையின் முகத்திலும் வாயிலும் தடவினால், வராமல் போன கிருமி வந்துவிடுமாம். நர்சரி சிஸ்டர் அசந்த நேரம் பார்த்து இவர் தடவிவிட வேண்டும் என்று உத்தரவு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. "நல்ல கிருமி மட்டும் தனியாப் பிரிஞ்சு வராது சார். நோய்க் கிருமி இருந்தா அதுவும் சேர்ந்து போகும். காலையில மூச்சு விடத் திணறின குழந்தை சார் அது. டாக்டருங்களே இதைச் செய்யச் சொல்றதில்லை" என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். பொட்டலத்தை என் கையிலேயே திணித்துவிட்டு, கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் கடையில ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடறேன். நீங்களும் கேட்டா அதையே சொல்லிடுங்கோ, சிஸ்டர்."

ஒரு சொட்டு தீர்த்தம்

புதன்கிழமை காலை மாமியார் முறை. மடிசாரும் நெற்றியில் ஸ்ரீசூர்ணமுமாக நர்சரி வாசலில் வந்து நின்றார். கையில் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் தேன், இன்னொரு செம்பில் பெருமாள் தீர்த்தம். பிறந்த குழந்தைக்கு முதலில் தித்திப்பைத் தொட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். தொட்டு வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்றேன். தண்ணீரும் வேண்டாம் என்றேன். நல்லபடியாகத்தான் சொன்னேன், ஆனால் முந்தின நாள் பஞ்சுத்துணிக் கோபம் குரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிண்ணத்தை மூடிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "அம்மாவோட கிருமி போகணும்னு க்ளாஸ் எடுப்பேள், அதை நம்பிண்டு எங்காத்துப் பொண்ணு பிராணனை விடப் பார்த்தா. பெருமாள் தீர்த்தம் ஒரு சொட்டுன்னா மட்டும் கிருமின்னு தடுப்பேளா?"



வாஷ்பேசின்

வியாழக்கிழமை நர்சரி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாள். "அந்த ரூம்லேர்ந்து ரெண்டு நாளாச் சொட்டுப் பால் வரலை சிஸ்டர். பவுடர்தான் குடுக்குறோம்." சீம்பாலைப் பிழிந்து சின்னக் கப்பில் அனுப்பச் சொல்லியிருந்தோம். போய்ப் பார்த்தேன். வைதேகி தையலைப் பிடித்துக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் நின்றாள். கப்பில் இருந்த மஞ்சள் பால், எண்ணிப் பத்துச் சொட்டு இருக்கும், அதைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் போட்டாளே. அது நல்ல கிருமியையும் கொன்னுடும்னு நோட்டுல எழுதியிருக்கேன்" என்றாள். அதுவும் நான் சொன்னதுதான்.

பால் கொடுக்கிற தாய்க்கு ஒத்துக்கொள்கிற மருந்தைத்தான் போட்டிருக்கிறது, டாக்டரம்மாவே சொல்வார் என்றேன். நம்பவில்லை. என்னை இனி ஏன் நம்பவேண்டும்? அந்த நேரம் பார்த்து நர்சரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். மூச்சு சீராகிவிட்டது, அம்மாவிடம் இருக்கலாம் என்று அனுமதி. குழந்தைக்கோ அகோரப் பசி. அறையைப் பிளந்தது. வைதேகி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். "பவுடரே குடுங்கோ. என்னால கெட்டது போறும்."

இரண்டு கட்டில் போட்ட அறை அது. பக்கத்துக் கட்டிலில் செல்வராணி. முந்தின நாள்தான் ஆபரேஷன், பையன். அவன் குடித்து முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தையல் வலியோடு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "டீச்சரம்மா, என் மூத்தவனும் ஆபரேஷன்தான். மூணு நாள் பவுடர் குடிச்சவன்தான். இப்ப வாழைக்கட்டை மண்ணை அள்ளித் தின்னுட்டு எல்லாத்தையும் செரிச்சிடுறான். எனக்கு இந்தத் தடவை பால் சீக்கிரமே ஊறிடுச்சு. புள்ளையக் குடுங்க, நான் அமத்துறேன்." நான் இடையில் புகுந்தேன். "அப்படிக் குடுக்கக்கூடாதும்மா. டெஸ்ட் எடுக்காம ஒருத்தர் பாலை இன்னொரு குழந்தைக்குக் குடுக்க ஆஸ்பத்திரி ரூல் இல்லை."

மூலையில் நாற்காலியில் இருந்த மாமியார் எழுந்தார். என்ன சொல்லப்போகிறாரோ, செல்வராணியின் மனசு நோகப்போகிறதே என்று பயந்தேன். அவர் நேராக என்னைப் பார்த்து, "ரூலை அப்புறம் பார்த்துக்கலாம். குழந்தை கத்தறது. அவ கொடுக்கட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லே" என்றார். செல்வராணி கையை நீட்டினாள். குழந்தையை வைத்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன், அந்தப் பக்கமும் போக முடியாமல், இந்தப் பக்கமும் போக முடியாமல்.

சுவர்ப்பக்கமிருந்து ஒரு அசைவு. வைதேகி கையை ஊன்றி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். "இங்க குடுங்கோ சிஸ்டர். பக்கத்து வீட்டு உறைமோர் இருக்கட்டும், எங்காத்துலயே இருக்கு."

மார்க்

அதற்குப் பிறகு நெடுநாள் என் போனுக்கு வைதேகியிடமிருந்து தினமும் காலையில் ஒரு படம் வரும். மற்றவர்கள் பூவும் சூரியோதயமும் அனுப்புவார்கள். இவள் அனுப்புவது குழந்தையின் டயப்பர். கறுப்பு பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடுகு அரைத்த மாதிரி ஒரு நல்ல மஞ்சளுக்கு வந்து சேர்ந்ததை நான் காபி குடித்துக்கொண்டே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தச் சூரியோதயமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

தடுப்பூசி போட வந்த ஒரு சனிக்கிழமை, வைதேகி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்ததும் அந்த நோட்டை என் மேஜையில் வைத்தாள். என் பாடம் இருந்த பக்கம். கீழ்ப்பாதியில் கோடு மட்டும் போட்டு, எழுதாமல் விட்டிருந்த இடத்தில், முசிறி செல்வராணி சொன்னது ஒரு வரி, புதுசாக. ஓரத்தில் சிவப்பு மை. நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "பாதி விடைதான் சொல்லியிருந்தேள் சிஸ்டர், அதான் பாதி மார்க் போட்டிருக்கேன்."

இப்போதெல்லாம் இரண்டாவது பாதியைத்தான் முதலில் சொல்கிறேன், சுண்டல் எப்போது வரும், யாருக்கு எப்போது வலி வரும் என்று யார் கண்டார்கள்!